வலது பக்கத்து ஆள்

“இருபத்தொன்பது வருஷத்துல நான் ஆசைப்பட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்கேன், சாரு. அதையும் நீ பார்க்காமலே வேண்டாங்கற.” ஒண்ணே ஒண்ணாம். பல்லடம் தாண்டும்போது ஒரு தடவை, பொங்கலூர் பக்கம் டீ குடித்துவிட்டு ஏறியதும் ஒரு தடவை, இந்த மூடிக் கிடக்கிற பஞ்சு ஜின்னிங் மில் கேட்டுக்குள் டாக்ஸி நுழையும்போது ஒரு தடவை, எழுத்துக்கூட மாறாமல், ஜெபமாலை உருட்டுகிற மாதிரி. டாக்ஸிக்காரன் கண்ணாடி வழியாக என்னையே பார்க்கிறான், இந்தப் பொம்பளை அப்படி என்னத்தைத்தான் வேண்டாம் என்கிறாள் என்று. அந்த மீன்தொட்டி யார் ஆசைப்பட்டது? வயலின் யார் ஆசைப்பட்டது? மாடியில் காய்ந்து நிற்கிற குட்டி ஆலமரம், அது நானா கேட்டேன்? அதெல்லாம் ஆசை இல்லையாம், பொழுதுபோக்காம். ஆசை இது ஒன்றுதானாம், அறுபது வருஷத்துக்கு முந்திய அமெரிக்கக் கார். அமெரிக்காவிலேயே யாரும் சீந்தாத கார். சரிங்க, பார்த்துட்டே வேண்டாங்கறேன், போதுமா, என்று சொல்லி டாக்ஸிக் கதவை அறைந்து சாத்தி இறங்கினேன். அவர் இறங்கி, மில்லைப் பார்த்துக்கொள்கிற நாச்சிமுத்துவிடம் வணக்கம் சொல்லிக்கொண்டு நின்றார். நான் நிற்கவில்லை. வேண்டாம் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது, அதை மட்டும் வாயால் சொல்ல முடியவில்லை, அந்த எரிச்சல் வேறு. அவருக்கு வலது கண் போய்விட்டது. பார்வை ஓரத்திலிருந்து தேய்ந்து தேய்ந்து, இப்போது வலது பக்கம் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. மூன்று வாரமாக இரண்டு பேரும் ஒரே வீட்டில் இதை ஒளித்து வைத்துக்கொண்டு இட்லி தின்கிறோம்.

கிடங்குக்குள் நுழைந்ததும் வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்படித்தான் இருக்குமோ அவருக்கு என்று ஒரு நினைப்பு, சட்டென்று, கேட்காமலே வந்து நின்றது. சே. பஞ்சு வாடை, எலிப் புழுக்கை வாடை, பழைய எண்ணெய் வாடை. நடுவில் ஏதோ வெளுப்பாக, நீளமாக, படுத்திருக்கிற மாடு மாதிரி. ஏறி உக்காந்து பாருன்னுதானே சொன்னீங்க, இதோ உக்காந்தாச்சு, பார்த்தாச்சு, வாங்க போகலாம், இந்த வாக்கியத்தை மனசுக்குள் தயார் பண்ணிக்கொண்டே போய், முப்பது வருஷமாக எந்தக் காரிலும் எந்தப் பக்கம் ஏறுவேனோ அந்தப் பக்கம், முன்னால், இடது கதவு, இழுத்தேன். பாரமான கதவு, ஆனால் முனகாமல் வந்தது. புடவையைச் சுருட்டிக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தேன். வயிற்றில் ஸ்டியரிங் இடித்தது. ஜீசஸ் மேரி ஜோசஃப். எனக்கு முன்னால் ஸ்டியரிங். என் சீட்டில் ஸ்டியரிங். கல்யாண வீட்டில் அப்பளம் பொரிக்கிற வாணலி அகலத்துக்கு ஒரு வளையம், தந்தம் மாதிரி மஞ்சள் பாரித்து, நடுவில் ஏதோ முத்திரை. யாரோ காரைக் கண்ணாடியில் காட்டித் திருப்பி வைத்துவிட்ட மாதிரி. அமெரிக்கக்காரனுக்கு ரோட்டில் வலது பக்கம் போகிற வழக்கம், ஸ்டியரிங் இடது பக்கம், இது எனக்குத் தெரியாதா? சினிமாவில் பார்த்ததில்லையா? ஆனால் கோபத்தில் ஏறுகிற கால் எதையும் யோசிப்பதில்லை, அது தன் சீட்டுக்குத்தான் போகும். அவர்கள் இரண்டு பேரும் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் எங்கே உட்கார்ந்தேன் என்று கவனிக்கவில்லை. இறங்கி அந்தப் பக்கம் போய் ஏறலாம். இறங்கினால் தெரியாத்தனமாக ஏறியது தெரிந்துவிடும். ஆறு மாசத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆகவே உட்கார்ந்தேன், ஏதோ வேண்டுமென்றே அங்கே உட்கார்ந்த மாதிரி, முதுகை நிமிர்த்தி, கான்வென்டில் தலையில் புத்தகம் வைத்து நடக்கவிட்ட முதுகு இன்னும் வளையவில்லை.

கண் மெல்லப் பழகியது. பழகினதும் அம்மாடி என்றேன், வாய்விட்டுத்தான். ஸ்டியரிங்குக்கு அப்பால் அந்த பானெட். எங்கள் சமையலறை மேடை அவ்வளவு நீளம் இல்லை. ஒருகாலத்தில் வெள்ளையாகவோ பால்கோவா நிறமாகவோ இருந்திருக்கும், இப்போது அதன்மேல் பஞ்சுத்தூசி ஒரு போர்வையாகப் படிந்து, கூரை ஓட்டில் இரண்டு மூன்று உடைந்த இடங்களிலிருந்து இறங்குகிற வெயில் அந்தப் பஞ்சில் பட்டு, பனி விழுந்த மாதிரி. குன்னூரில் படிக்கும்போது ஒரே ஒரு டிசம்பர் காலையில் புல்லின்மேல் உறைபனி பார்த்திருக்கிறேன், அதற்கப்புறம் இதுதான். முன்னால் நீலக்கண்ணாடி மாதிரி ஒரு பட்டை, அதில் மைல் கணக்கு, நூற்றிருபது வரைக்கும். எங்கே போகிறதுக்கு ஐயா நூற்றிருபது மைல்? எந்த ரோட்டில்? இதைச் செய்தவர்களுக்கு உலகத்தில் இடம் தட்டுப்பாடு என்று ஒன்று இருக்கும் என்றே தோன்றவில்லை போல. ஆளுக்கு ஒரு முழம் என்று வெட்டிக் கொடுத்த வீட்டில் வாழ்கிறவள் நான். கை தானாகப் போய் அந்த வளையத்தைத் தொட்டது. சில்லென்று இருந்தது. உள்பக்கம் விரல் பதிகிற மாதிரி சின்னச் சின்னப் பள்ளம் வைத்திருக்கிறார்கள், என் விரல் அதில் சரியாக உட்கார்ந்தது. என் விரல் எதற்கு உட்கார வேண்டும்? நான் ஸ்கூட்டியைத் தவிர எதையும் ஓட்டினதில்லை. கையை எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

ஆறு மாசமாக இதே பைத்தியம். ராத்திரியும் பகலும் போனில் விற்பனைக்கு வந்த பழைய அமெரிக்கக் கார்கள், பெரிய பேர் எடுத்தது எதுவும் இல்லை, யாரும் கேட்காதது, கழித்துக் கட்டினது. ஸ்டூடிபேக்கர், நாஷ், ஹட்சன், கைசர், ராம்ப்ளர். கான்வென்டில் ரோல்கால் மாதிரி இருக்கும் எனக்கு, அந்த ஆங்கிலோ இந்தியப் பெண்களின் பேர்கள். “ஷெவர்லேன்னா எல்லாருக்கும் தெரியும், அதுக்கு ராஜா விலை. இவங்கெல்லாம் பாவம், நல்ல வண்டிங்க, பேர் எடுக்கலை, அவ்வளவுதான்,” என்பார், பெண் பார்க்க யாரும் வராத வீட்டில் பெற்றவன் பேசுகிற குரலில். பேரே எடுக்கத் தெரியாதவருக்கு எதுக்குங்க வண்டியோட பேரைப் பத்திக் கவலை என்றேன். சிரித்தார். போனை எப்போதும் இடது பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முகத்தை லேசாக வலது பக்கம் திருப்பிக்கொண்டு பார்ப்பார், கோழி தானியத்தைப் பார்க்கிற மாதிரி. அதையும் கிண்டல் பண்ணினேன். கோழின்னேன். கோழி. பொள்ளாச்சியில் ஒரு டாட்ஜ் வந்தது, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, வலது பக்க ஸ்டியரிங், நம் ஊர் வழக்கத்துக்கு. வேண்டாம் என்றார். சேலத்தில் ஒரு பிளிமத், உட்கார்ந்தால் ஊஞ்சல் மாதிரி, போட்டோவில் எனக்கே பிடித்துப் போச்சு, வலது பக்க ஸ்டியரிங், வேண்டாம் என்றார். ஏங்க, வேண்டாம்னா எதுக்குப் பார்க்கறீங்க என்று கேட்டதற்கு, எனக்கு வேண்டியது வரும், சாரு, என்றார். வந்திருக்கிறது. மெட்ராஸில் இருந்த ஏதோ ஒரு தூதரகத்து அதிகாரி ஊருக்குத் திரும்பும்போது மில் முதலாளிக்குக் கொடுத்துவிட்டுப் போன ராம்ப்ளர். இதோ, அதன் வயிற்றுக்குள் நான்.

அவர் கண் விஷயமான ஃபைலைப் பார்த்தது மூன்று வாரத்துக்கு முன்னால், இன்ஷூரன்ஸ் பேப்பர் தேடும்போது. அவர் பீரோவில், பழைய பம்ப் டிராயிங்குகளுக்கு அடியில். இவர் பம்ப் கம்பெனியில் முப்பது வருஷம் டிசைன் வரைந்தவர், ஒரு கோடு கோணலாகப் போனால் சாப்பிட மாட்டார், ஒளித்து வைப்பதற்கும் அதே ஒழுங்கு, தேதி வரிசைப்படி. கண் ஆஸ்பத்திரி. இரண்டு வருஷம். ரோட்டரி மீட்டிங் என்று போன புதன்கிழமைகள் எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. இரண்டு வட்டம் போட்ட பேப்பர் ஒன்று, பார்வை எங்கே இருக்கிறது எங்கே இல்லை என்று காட்டுகிறது. இடது கண் வட்டம் சாம்பல் நிறத்தில், கீழே ஒரு மூலையில் மட்டும் கறுப்பு கடிக்க ஆரம்பித்திருக்கிறது. வலது கண் வட்டம் தீய்ந்த தோசை. நடுவில் மட்டும் நாலணா அகலத்துக்கு வெள்ளை. படித்தேன், இங்கிலீஷ் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், ஒவ்வொரு வார்த்தையும் புரிந்து தொலைத்தது. மின்விசிறி இறக்கையில் இருக்கிற தூசி கட்டிலில் படுத்திருந்தே எனக்குத் தெரியும். வேலைக்காரி துடைக்காமல் விட்ட மூலை வாசலில் நுழையும்போதே தெரியும். இது தெரியவில்லை. காபியை டம்ளருக்கு வலது பக்கத்தில் ஊற்றினார், திட்டினேன். கேட் தூணில் காரின் வலது பக்கத்தை மூன்று தடவை உரசினார், திட்டினேன். மண்டபத்தில் ஒரு பெரியவர் வலது பக்கம் கைநீட்டி நிற்க, இவர் பாட்டுக்குப் போய்விட்டார், மரியாதை தெரியலையேன்னு வீடு வரும்வரை திட்டினேன். கண்ணை எங்கே வெச்சுட்டு நடக்கறீங்க. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், தினம் ஒன்று என்று வைத்தாலும், வேண்டாம், கணக்கு வேண்டாம். ஒரு தடவைகூட அவர் திருப்பிச் சொல்லவில்லை. இங்கேதான் இருக்குடி, அதுல வெளிச்சந்தான் இல்லைன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. சாய்ந்து உட்காரலாம் என்று சீட்டுக்குப் பக்கத்தில் கைவைக்க இடம் தேடினேன், ஒரு இரும்புப் பிடி அகப்பட்டது, அதைப் பிடித்து அழுத்தினேன்.

சீட் என்னைக் கைவிட்டது. முதுகுப் பலகை அப்படியே பின்னால் சரிந்து, சரிந்து, பின்சீட்டோடு போய்ச் சேர்ந்தது, நான் மல்லாந்து, கால் ஸ்டியரிங்குக்கு அடியில், தலை பின்சீட்டில், ஒரு சத்தமும் வராமல், மெத்தையில் இறக்கிவிட்ட மாதிரி. காரில் கட்டில்! அடப்பாவிகளா. குடும்பத்தோடு காட்டுக்குப் போய்க் காரிலேயே தூங்குவதற்காம், என்றைக்கோ இவர் போனில் படித்துக் காட்டினார், நான் குழம்பைக் கிளறிக்கொண்டே, தூங்கறதுக்கு மட்டுந்தானான்னு கேட்டேன், காது சிவந்து போனார். எழுந்திருக்க முயற்சி பண்ணினேன். இடுப்பு ஒத்துழைக்கவில்லை. சரி என்று கிடந்தேன். மேலே கூரைத் துணி, பழுப்பு, ஒரு இடத்தில் கிழிந்து தொங்குகிறது. முன் கண்ணாடி வழியாகக் கிடங்கின் ஓட்டுக்கூரை, அத்தனை உயரம், உத்தரத்துக்கு உத்தரம் சிலந்தி வலை, வலை எல்லாம் பஞ்சு பிடித்துக் கனத்து, தொட்டில் தொட்டிலாக. வெயில் கம்பி கம்பியாக இறங்குகிறது. கம்பிக்குள் தூசி, ஒவ்வொரு தூசியும் தனித்தனியாக, அவசரமே இல்லாமல். கோயிலில்கூட எனக்கு இப்படி வாய் அடைத்ததில்லை. கான்வென்ட் சர்ச்சில் ஒரு தடவை அடைத்திருக்கிறது. எட்டாம் வகுப்பு. இந்துப் பெண்களுக்குப் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் கிடையாது, பின் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் பாவத்தை நாங்களே வைத்துக்கொள்ள வேண்டியது. பாவம் சொல்கிற அந்த மரப்பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் யாரும் இல்லாதபோது திரைச்சீலையைத் தள்ளிப் புகுந்துவிட்டேன். புகுந்தது பாதிரியார் உட்காருகிற பக்கம். எனக்கு எப்படித் தெரியும்? உட்கார்ந்த உடனே அந்தப் பக்கம் யாரோ முட்டி போடுகிற சத்தம், மூச்சு, சலவைச் சோப்பு வாசனை. சலவைக்கூடத்து சிஸ்டர் பெர்னடின், எழுபது வயசு இருக்கும், அயர்லாந்துக்காரி. நடுவில் இருந்த மரவலைக்கு அந்தப் பக்கம் இருந்து குசுகுசுவென்று, ஃபாதர், எனக்கு வீட்டுக்குப் போகணும், ஐம்பது வருஷமா ஒவ்வொரு வாரமும் இதையேதான் சொல்றேன், இந்த வாரமும் அதேதான், என்றாள். எனக்குப் பதிமூன்று வயசு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதில் வரும் என்று அவள் எவ்வளவோ நேரம் காத்திருந்தாள். அப்புறம் தானாக எழுந்து போய்விட்டாள், முட்டி எலும்பு சொடக்கிட்டது காதில் விழுந்தது. நல்ல பெட்டி அது, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது, அதனால் வாய் திறக்கிறது. எங்கள் வீட்டில் எல்லா ரூமிலும் டியூப்லைட்.

டிக்கி மூடுகிற சத்தம். காலடி. பின்கதவுக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது, அதற்கு வெளியேதான் நின்றார்கள், நான் படுத்திருந்ததால் உள்ளே ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. “மறைக்காமச் சொல்லிப்போடறனுங்க சார்,” என்றார் நாச்சிமுத்து. “இதுல ஒரு தொந்தரவு இருக்குது. அதனாலதான் இத்தன மலிவு. இதுக்கு முன்னால மூணு பேரு வந்து பார்த்துட்டு அப்படியே போயிட்டாங்க.” ஸ்டியரிங் இடது பக்கம், தெரியும், என்றார் இவர். “தெரியும்னு சொல்லீட்டா ஆச்சுங்களா? ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும். முன்னால லாரி போவுது, நீங்க இக்கட்ட, இடது ஓரத்துல உக்கோந்திருக்கறீங்க. எதுத்தாப்ல வர்றது உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. வலது பக்கம் ஒரு ஆளு உக்கோந்துட்டு, ‘இருங்க இருங்க, பஸ் வருது’, ‘ம், இப்பப் போங்க’ன்னு சொல்லோணும். சொன்னாத்தான் நீங்க தாண்ட முடியும். எங்க மொதலாளிக்கு அம்மாதான் சொல்லுவாங்க. மெட்ராஸ் வரைக்கும் அப்படியே போயிட்டு வந்துருவாங்க, ரெண்டு பேரும். அம்மா தவறின பொறவு டிரைவரை வெச்சுப் பார்த்தாரு, பையனை வெச்சுப் பார்த்தாரு. ‘இவனுக போங்கன்னா எனக்குக் கால் மிதிக்க மாட்டேங்குது நாச்சிமுத்து’ன்னு கொண்டாந்து நிறுத்தினவருதான்.” எங்கோ ஒரு புறா. அப்புறம் இவர் குரல்: “அந்தம்மா தப்பாச் சொன்னதே இல்லையா?” நாச்சிமுத்து சிரித்தார். “ஒருக்காச் சொல்லீட்டாங்களாமுங்க, தாராபுரம் ரோட்டுல. போங்கன்னுட்டாங்க, பார்த்தா நேரா மாட்டு வண்டி. மயிரிழைல தப்பிச்சு, புளியமரத்தடில வண்டிய நிறுத்தி, ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் சண்டை. போறவன் வர்றவனெல்லாம் நின்னு வேடிக்கை பார்த்தானாம். சண்டை முடிஞ்சுது, கெளம்பினாங்க, மறுக்காவும் அம்மாதான் சொன்னாங்க.” இவர் சிரிக்கவில்லை. “வலது பக்கம் ஆள் உக்காந்தே தீரணும்ங்கற வண்டிதான் எனக்கு வேணும்,” என்றார். நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. “இதென்ன சார் கூத்து! எல்லாரும் அதுக்காவ வேண்டாம்னு போறாங்க, நீங்க அதுக்காவ வேணும்ங்கறீங்க.” “எங்க வீட்டம்மா சும்மா இருந்தாலே பக்கத்துல உக்காந்து சொல்லிட்டுத்தான் வருவா, நாச்சிமுத்து. அது வீணாப் போகக் கூடாதில்ல.” இரண்டு பேரும் சிரித்தார்கள். பேசிக்கொண்டே முன்பக்கம் நடந்தார்கள், பானெட்டைத் திறக்கிற கொண்டி எங்கே என்று தேடிக்கொண்டு.

நான் அந்தக் கட்டிலில் கிடந்தேன். பொள்ளாச்சி டாட்ஜ். சேலத்துப் பிளிமத். ஆறு மாசம் நல்ல நல்ல வண்டியாகக் கழித்துக் கழித்து, எனக்கு வேண்டியது வரும் வரும் என்று. பம்புக்கு வால்வு தேர்ந்தெடுக்கிற மாதிரி தேர்ந்தெடுத்திருக்கிறார். எந்தப் பக்கம் வெளிச்சம் போச்சோ அந்தப் பக்கத்தில் நான் உட்காருகிற மாதிரி ஒரு வண்டி. வலது கண் தெரியலை சாரு என்ற நாலு வார்த்தையைச் சொல்லப் பயந்துகொண்டு, பதினைந்து அடி நீளத்துக்கு இரும்பு வாங்க வந்திருக்கிற மனுஷனை என்ன செய்வது? அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கலாம் போல இருக்கும்போதே உடம்பெல்லாம் புல்லரித்தது, பொய் சொல்லவில்லை, கை மயிர் நின்றது. இந்தக் கூரை, இந்த வெயில், இந்தப் பெரிய வெள்ளை மிருகம், எல்லாம் சின்னதாகப் போய், அவர் பயம் ஒன்றுதான் அத்தனை பெரிசாக என் பக்கத்தில் படுத்திருந்தது. இத்தனையைத் தூக்கிக்கொண்டா புதன்கிழமை புதன்கிழமை வீட்டுக்கு வந்து, இன்னைக்கு மீட்டிங்ல போண்டா நல்லாயிருந்துச்சுன்னு சொன்னார்? போண்டாவையும் யோசித்து வைத்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் நில்லு. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்குவாராம், நான் போங்க போங்க என்பேனாம். என் வாய்ச்சொல்லை நம்பி ஆக்ஸிலேட்டரை மிதிப்பாராம். நான் இதுவரை எத்தனை போங்க சொல்லியிருப்பேன், ஒன்றுக்காவது ஒரு உயிர் தொங்கினதா? எதிரில் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளை வந்தால்? சாம்பல் வட்டத்து மூலையில் அந்தக் கறுப்பு, அது கடிக்க ஆரம்பித்தாயிற்றே, இன்னும் இரண்டு வருஷத்தில் இடதும் தோசையாகிவிட்டால், அப்போது இடது பக்கத்துக்கு யார்? அதற்கும் ஒரு வண்டி செய்து வைத்திருக்கிறானா அமெரிக்கக்காரன்? முடியாது. வேண்டாம். ஒரு நாள்கூட வேண்டாம். வேண்டாம் என்று சொல்லப்போகிறேன், காரணம் என்னவென்று கேட்பார், சொல்லப்போகிறேன். சொன்னால் அந்த முகம் எப்படிப் போகும்? அந்த அம்மாள் எப்படித்தான் புளியமரத்தடியிலிருந்து மறுபடி ஏறி உட்கார்ந்தாளோ. அந்த முதலாளிதான் எப்படி மறுபடி அவள் சொன்னதும் மிதித்தாரோ. எத்தனை பெரிய ஆளுங்க. மாட்டு வண்டியை விட அதுதான் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் எழுந்தேன். அது தாங்கியது. சீட்டு முதுகை என்னால் நிமிர்த்த முடியவில்லை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, புடவையைச் சரிபண்ணினேன், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது, எடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திடீரென்று ஒரு தலை முளைத்ததைப் பார்த்து நாச்சிமுத்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். “அம்மிணி, உள்ள எப்ப ஏறுனீங்க?” அப்பவே, என்றேன். இவர் என்னைப் பார்த்தார், முகத்தை லேசாக வலது பக்கம் திருப்பி, இடது கண்ணுக்குள் என்னைக் கொண்டுவந்து. கேட்டிருப்பாளோ என்று யோசிக்கிறார், எனக்குத் தெரியும், இருபத்தொன்பது வருஷத்தில் இதுகூடத் தெரியாதா. இடது கதவுப் பக்கம் வந்து நின்றார். “அது டிரைவர் சீட்டு, சாரு.” தெரியும். “இறங்கறியா?” இல்லை. “ஓட்டப்போறியா?” இந்தக் கேலியில் கொஞ்சம் நிம்மதி தேடினார். நான் தரவில்லை. “நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க,” என்றேன். நின்றார். அப்புறம் பானெட்டைச் சுற்றிக்கொண்டு போனார், கையைப் பஞ்சின்மேல் தடவிக்கொண்டே, விளக்கு மூலை வந்ததும் வேகம் குறைத்து, விரலால் மூலையைத் தொட்டு, திரும்பி. ஒவ்வொரு மேஜையையும் இப்படித்தான் சுற்றுகிறார் என்பது இப்போதுதான் என் கண்ணில் படுகிறது. பானெட் முழுக்க நாலு விரல் கோடு. வலது கதவைத் திறந்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்போதும்போல எனக்கு வலது பக்கத்தில்தான் அவர், ஆனால் இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஸ்டியரிங் என் முன்னால். வெளிச்சத்துல பார்க்கட்டும்னு கதவைத் தொறக்கறனுங்க, என்று நாச்சிமுத்து கிடங்கின் பெரிய தகரக் கதவைத் தள்ளப் போனார். சக்கரம் துருவேறி அலறியது.

வெயில் ஒரே அடியாக உள்ளே விழுந்தது. பானெட், பஞ்சு, விரல் கோடு எல்லாம் வெள்ளையாக எரிந்து, கண் கூசி, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நேர் எதிரே மில் வாசல், அதற்கு அப்பால் உடுமலை ரோடு குறுக்கே, வலதிலிருந்து இடதாக. வாசல் கேட்டுக்கு வலது ஓரத்தில், ரோட்டோரமாக ஒரு பெண்பிள்ளை, ஆறேழு வயசு, சிவப்புப் பாவாடை, ரோட்டைத் தாண்ட நிற்கிறாள், தாண்டவில்லை, அங்கேயே நிற்கிறாள், கையில் ஏதோ தூக்குப் போசி. அதே வலது பக்கத்திலிருந்து தேங்காய் ஏற்றின டெம்போ ஒன்று வருகிறது. எனக்கு நன்றாகத் தெரிகிறது. எனக்கு எல்லாமே நன்றாகத் தெரிகிறது, அதுதான் என் கர்மம். அவர் இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “எவ்வளவு பெரிய வண்டி பார்த்தியா,” என்றார், மெதுவாக, பிள்ளை பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பேசின குரலில். ஆமாங்க, என்றேன், பெரிசுதான், நான் இத்தனை பெரிசா நினைக்கலை. “அப்ப வேண்டாம்னு சொல்ல மாட்டியே?” நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் எனக்கு வாய் வராது, அவருக்கும் வராது. இரண்டு பேரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த சீட்டுல உக்கார்றவங்க சொல்லணுமாமில்ல, என்றேன். சொன்னாத்தான் ஓட்டறவங்க போக முடியுமாமில்ல. அவர் முட்டியில் விரல் ஒன்று அசைந்து நின்றது. டெம்போ ஆரன் அடித்தது, சத்தம் வந்த பக்கம் அவர் தலை திரும்பியது, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் அதிகமாக. திட்டலைங்க, என்றேன். சத்தியமாத் திட்டலை. என் முகத்தைப் பார்க்க வேண்டாம். நேராப் பார்த்துட்டே, மெதுவாவே, ஒரே ஒரு தடவை, வலது பக்கம் என்னென்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லுங்க. அந்த கேட்டுக்கிட்ட யார் நிக்கறாங்கன்னு சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க.

சொல்லுங்க.